மாடக்கரை ஆற்று விளக்கும் வேலம்மா மதினியும்

அன்றைக்கு மாலை அந்த மெசேஜ் வரவில்லை.

மாடக்கரை குரூப்பில் இருக்கிற உங்களுக்கு எந்த மெசேஜ் என்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் பொழுது அடைந்து கொஞ்ச நேரத்தில் வேலம்மா மதினியின் எண்ணிலிருந்து ஒரே ஒரு வரி வரும். “எல்லாரும் வந்தாச்சு. வெளக்கை அமத்தியாச்சு.” அவ்வளவுதான். அந்தக் குரூப்பில் காலை வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது. ஆற்றைத் தாண்டுகிறவர்கள் “போயிட்டு வாரேன்” என்று போடலாம், திரும்பியதும் “வந்துட்டேன்” என்று போடலாம். வேறு எதையாவது போட்டால் மதினி அவரை வெளியே தள்ளிவிடுவார். ரோஜாப்பூ போட்டதற்காக ஊர்த் தலைவரையே ஒரு வாரம் தள்ளி வைத்தவர் அவர்.

அன்றைக்கு நான் பழங்காநத்தத்தில் என் வீட்டு மாடியில் போனைப் பார்த்தபடியே இருந்தேன். துபாயில் வேலை செய்கிற பையன் ஒருவன், “மதினி, வெளக்கை அமத்தியாச்சா?” என்று கேட்டான். பதில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண், “மதினி?” என்றாள். பிறகு மதினியின் எண்ணிலிருந்தே ஒரு குரல் பதிவு வந்தது. குரல் மதினியுடையது இல்லை.

“நான் தமிழ்ச்செல்வி பேசுறேன். அம்மா மத்தியானம் தூக்கத்துலயே போய்ச் சேந்துட்டாங்க. காலைல எடுக்குறோம். எல்லாரும் வந்துருங்க.”

மகள் பேசியது அவ்வளவே. குரூப்பில் அதன் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. மதினிக்குப் பயந்துதான் இருக்க வேண்டும். செத்த பிறகும் அவர் தள்ளிவிடுவார் என்று எனக்கே ஒரு எண்ணம் இருந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் யாராவது படித்தால், அவர்களும் தெரிந்துகொண்டு கொஞ்சம் பொறாமைப்படட்டும். கடல் இல்லாத மதுரைக்குக் கலங்கரை விளக்கம் எதற்கு என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களிடம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய விளக்குக்குக் கப்பலைத்தான் தெரியும். எங்களுடையதற்கு ஒவ்வொருத்தரையும் தெரியும்.

சமயநல்லூரில் இறங்கி வைகையைப் பார்க்கத் தெற்கே நடந்தால் மாடக்கரை. ஆற்றோரப் பாறைமேல் கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கோபுரம், மாடி வீட்டைவிடச் சற்றே உயரம். உள்ளே ஒரு ஆள் ஒடுங்கி ஏறுகிற படி. உச்சியில் நான்கு பக்கமும் திறந்த சின்ன அறை, அதில் விளக்கு. இதைப் படம் எடுத்து என் இணையப் பக்கத்தில் போட்டபோது கீழே பெரிய சண்டை நடந்தது. ஒருவர் பாண்டியர் காலம் என்றார். ஒருவர் நாயக்கர் என்றார். ஒருவர் இது வெள்ளைக்காரனின் வேவு கோபுரம் என்று அடித்துச் சொன்னார். இரண்டாம் நாள் மதினியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“ஏம்ப்பா, எதுக்கு அடிச்சுக்கிறீக? ராசா ஒருத்தரும் அதக் கட்டல. ராசாவுக்கு ஆத்தத் தாண்டிப் போய்ப் புல்லறுக்குற சோலியா இருந்துச்சு? புல்லறுக்கப் போனவ திரும்பி வரல. அவ புருசனும் அவ அண்ணந்தம்பிகளும் கல்லு சொமந்து கட்டினது. போய் வேற வேலையப் பாருங்க.”

நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கோபுரத்தின் அடியில், கையில் போனும் காலடியில் வெற்றிலைப் பெட்டியுமாக மதினி உட்கார்ந்திருந்தார். “அம்மா, நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“அம்மாவா? இந்த ஊருல எனக்கு அந்தப் பேரு இல்ல. பிறந்த பிள்ளையில இருந்து பல்லு போனவன் வரைக்கும் எல்லாருக்கும் நான் மதினிதான். அப்படின்னா நீ எனக்குக் கொழுந்தன். ஏங் கொழுந்தனாரே, இம்புட்டு ஒல்லியா இருக்கீக, ஆத்துல காத்தடிச்சா நிப்பீகளா?”

அன்றிலிருந்து நான் கொழுந்தனார்.

கோபுரத்தின் அடியில், சுவரில் இரண்டு மாடங்கள் இருக்கின்றன. இடது பக்கம் போன மாடம், வலது பக்கம் வந்த மாடம். ஊர்க்காரர்களின் வெற்றிலைக் கொடிக்காலும் வயலும் பாதிக்கு மேல் அக்கரையில். காலையில் ஆற்றில் இறங்குகிறவர் தன் கல்லை வந்த மாடத்திலிருந்து எடுத்துப் போன மாடத்தில் வைப்பார். திரும்பிக் கரையேறியதும் மாற்றி வைப்பார். பொழுது சாயும்போது, அன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து விளக்கேற்றுவார். போன மாடம் காலியானால்தான் விளக்கை அமர்த்தலாம். கல் ஒன்று மிச்சமிருந்தாலும் விளக்கு எரியும். யாரோ இன்னும் ஆற்றில் இருக்கிறார்கள் என்று பொருள். இதற்குத் தனியாகக் காவல்காரர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஊரே காவல்.

மதினி இந்த ஊருக்கு வாழ வந்தது எழுபதுகளின் பிற்பகுதியில். பிறந்தது எழுமலை. அங்கே ஆறு கிடையாது. “எங்க ஊர்ல தண்ணி வருதுன்னா குடத்தத் தூக்கிட்டு ஓடிப் போவோம். இங்க தண்ணி வருதுன்னா உசுரத் தூக்கிட்டு ஓடி வாரீக. எனக்கு ஒன்னும் வெளங்கல” என்பார். அவர் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அந்தச் சம்பவம் நடந்துவிட்டது.

அப்போதுதான் கிழக்கே தள்ளிப் புதுப் பாலம் வந்து, பாலத்தின் மேல் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. மதினியின் கணவர் ராமையா காலையில் கல்லை மாற்றி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போனார். கொடிக்காலில் வேலை சீக்கிரம் முடிந்தது. அப்படியே டவுனுக்குப் போய் மேட்னி பார்த்து, புரோட்டா தின்று, பஸ்ஸில் பாலம் வழியாக வந்து, நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். ஆற்றைத் தாண்டித் திரும்பவில்லையே, கல் ஞாபகம் எங்கிருந்து வரும்? கல் போன மாடத்திலேயே இருந்தது. விளக்கு எரிந்தது. மேற்கே நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் கற்களுக்கு அடையாளம் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரிக் கூழாங்கல். ஒரு ஆள் குறைகிறது என்று தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. மழையில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. இளவட்டங்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். பெரியகருப்பன் என்ற பெரியவரின் மகன், இன்றைக்கு நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிற சோணை, பாறையில் மோதிக் கையை முறித்துக்கொண்டார். மதினிக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னும் தெரியாது. கணவர் பக்கத்தில் குறட்டை விட, அவர் வாசலில் நின்று விளக்கைப் பார்த்து, “எம்புட்டு அழகா எரியுது” என்று ரசித்துக்கொண்டிருந்தாராம்.

விடிந்ததும் ராமையா வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே கரைக்கு வந்தார். “என்ன பெரியப்பா, ஆத்துல இம்புட்டுக் கூட்டம்?” என்று பெரியகருப்பனிடமே கேட்டார்.

இந்த இடத்தைச் சொல்லும்போது மதினி ஒவ்வொரு தடவையும் வெற்றிலையை வாயிலிருந்து எடுத்துவிடுவார். சிரித்தால் புரையேறிவிடும். ஆனால் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

கோபுரத்தடியில் ஊர் கூடியது. பெரியகருப்பன் பேசியதில் எந்த இடத்திலும் தப்புச் சொல்ல முடியாது என்று மதினியே ஒப்புக்கொள்வார். “எம் மகன் கை போச்சு. உசுரு போயிருக்கும். பாலம் வந்தாச்சு, பஸ்ஸு வந்தாச்சு. எவன் எப்பிடி வாரான்னு இந்த வெளக்குக்கு இனிமே தெரியாது. பொய் சொல்ற வெளக்கு இருக்குறதுக்கு இல்லாமலே இருக்கலாம். இடிச்சுப்புட்டு, இந்தக் கல்லுலயே படித்துறை கட்டுவோம்.”

ஊர் தலையாட்டியது. ராமையா தலையைக் குனிந்து நின்றார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து புதுப்பெண் பேசினார்.

“வெளக்கு பொய் சொல்லல மாமா. எங்க வீட்டுக்காரரு வந்தத வெளக்குகிட்டச் சொல்லல. அவரு செஞ்சதுக்கு வெளக்க எதுக்கு இடிக்கிறீக? அவர இடிங்க.”

கூட்டம் சிரித்துவிட்டது. பெரியகருப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. “சரித்தா. இன்னைக்கு ஒம் புருசன். நாளைக்கு இன்னொருத்தன். அப்ப என்ன செய்வ?”

“கல்லுக்கு அடையாளம் போடுவோம். கல்லு நின்னா மொதல்ல அந்த வீட்டுல போய்க் கேப்போம். கேட்டுட்டு ஆத்துல எறங்குவோம். பஸ்ல வந்தாலும் பறந்து வந்தாலும் இங்க வந்து கல்ல மாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.”

“எழுமலைக்காரி எங்களுக்கு ஆத்தச் சொல்லித் தாரியா?”

“ஆத்தச் சொல்லல மாமா. கேக்கச் சொல்றேன்.”

கடைசியில் பெரியகருப்பன் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்த மழைக்காலம் முடிகிற வரைக்கும் பார்ப்போம். இன்னும் ஒரே ஒரு தடவை, ஆற்றில் ஆள் இல்லாமல் இது வீணாக எரிந்தால், மறுநாள் காலையில் கடப்பாரைதான். சொல்லிவிட்டு வீட்டிலிருந்து ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து கோபுரத்தில் சாய்த்தும் வைத்தார். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கட்டுமாம்.

அடுத்த சில நாட்கள் ஊர் முழுக்க அடையாளம் தேடும் வேலை. ஒரு வீட்டில் செங்கல் துண்டு. ஒரு வீட்டில் ராமேசுவரத்துச் சிப்பி. ஒருத்தர் கல்லில் சுண்ணாம்புக் கோடு, ஒருத்தர் கல்லில் கொத்திய பள்ளம். மதினி தனக்கு எழுமலையிலிருந்து வந்த சிவப்புக் கல்லை வைத்துக்கொண்டார். கணவருக்கு வீட்டில் உடைந்து கிடந்த ஆட்டுரல் குழவியைக் கொடுத்தார். இரண்டு கையாலும் தூக்கினால்தான் மாடம் மாறும். “ஏண்டி, நான் ஆத்துக்குப் போறனா, ஆட்டுரலுக்குப் போறனா?” என்று ராமையா கேட்டதற்கு, “முதுகு வலிச்சா ஞாபகம் இருக்கும்” என்றாராம். அந்தக் குழவி இன்னும் வந்த மாடத்தின் மூலையில் இருக்கிறது. ராமையா போய்ப் பல வருடம் ஆகிறது. யாரும் அதை நகர்த்தியதில்லை.

இன்னொன்றும் செய்தார். அதுதான் மதினி. வீட்டில் உடைந்த ஒரு நீலப் பீங்கான் தட்டின் சில்லுகளை முனை மழுங்கத் தேய்த்து மாடத்தில் போட்டார். “இது யாருக்கு?” என்றார்கள். “வெளியூர்க்காரவுகளுக்கு. நம்ம ஊருல கல்லு இல்லாதவன் ஆத்துல எறங்கினா, பாத்தவுக ஒரு சில்ல எடுத்துப் போன மாடத்துல வைக்கணும்.” அதற்கும் சிரித்தார்கள். வெளியூர்க்காரன் எப்போது வருவான், எப்போது போவான் என்று யார் கண்டது? விளக்கு வீணாக எரிவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று பெரியகருப்பன் சொன்னார். நியாயமான பேச்சு. மதினி வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது.

மதுரை டவுனிலிருந்து காதர் பாய் என்று ஒரு பாத்திர வியாபாரி வருவார். தலையில் கூடை, கூடையில் அலுமினியக் குண்டான், சட்டி, கரண்டி. பல வருடமாக வந்துபோகிறவர், விளக்கின் கதை அவருக்கும் தெரியும். அன்று மத்தியானம் அவர் மணலில் இறங்கி அக்கரைக்குப் போவதை மதினி பார்த்தார். நீலச் சில்லு ஒன்றை எடுத்துப் போன மாடத்தில் வைத்தார். சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, தூறல் விழுந்தது, ஆற்றில் செந்தண்ணீர் இறங்கியது. அக்கரைக்குப் போனவர்கள் ஓடி வந்து கல்லை மாற்றினார்கள். அன்றைக்கு விளக்கு முறை பெரியகருப்பன் வீட்டுக்கு. அவரே வந்து ஏற்றிவிட்டு, கடைசி ஆளும் கரையேறியதும் அமர்த்தப் போனார். போன மாடத்தில் நீலச் சில்லு மட்டும் கிடந்தது.

அங்கே நடந்த பேச்சை மதினி சொல்லி நான் கேட்டிருக்கிறேன், சோணை சித்தப்பா சொல்லியும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார்கள்.

“பாய் பஸ்ல போயிருப்பாருத்தா.”

“நீங்க பாத்தீகளா மாமா?”

“பாக்கல.”

“யாராச்சும் பாத்தீகளா?”

யாரும் பார்க்கவில்லை.

“கல்லு நின்னா வீட்டுல கேக்கணும்னு நீதான சொன்ன. பாய்க்கு இங்க எங்க இருக்கு வீடு? யாருகிட்டப் போய்க் கேப்ப?”

“கேக்க ஆளு இல்லைன்னாத்தான் மாமா நம்ம முழிச்சிருக்கணும்.”

“நாளைக்குப் பாய் வந்து, நான் நேத்தே வீட்டுல பிரியாணி தின்னுட்டுப் படுத்துட்டேனேன்னு நின்னா?”

“அந்தக் கடப்பாரைய நானே எடுத்து ஒங்க கையில தாரேன். மொதக் கல்ல நானே பேத்துப் போடுறேன்.”

ராமையா பக்கத்தில் வந்து மெதுவாக, “வேலு, விட்ரு. ஊரு சிரிக்கும்” என்றார்.

“சிரிக்கட்டும். ஒங்களப் பாத்துச் சிரிச்சதுல அதுக்குப் பழகிப்போச்சு.”

பெரியகருப்பன் விளக்கை அமர்த்தாமல் உட்கார்ந்தார். தூறல் வலுத்தது. கொஞ்சம் பேர் வீட்டுக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மதினி தண்ணீர் ஓரமாகப் போய் நின்றார். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்டேன். “எழுமலைக்கு எப்ப பஸ்ஸுன்னு நெனச்சேன்” என்றார்.

அப்போது சத்தம் கேட்டது. டங்கு. டங்கு. தண்ணீர் இரைச்சலுக்குள் அலுமினியத்தில் கரண்டி மோதுகிற சத்தம்.

காதர் பாய் நடு ஆற்றில் ஒரு மணல் திட்டில் நின்றுகொண்டிருந்தார். பாதி தாண்டும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் சூழ்ந்துவிட்டது. கத்திப் பார்த்திருக்கிறார், குரல் எட்டவில்லை. குண்டானைக் கவிழ்த்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வேலைதான் நடந்தது. கயிறு வந்தது. கட்டுவதற்குக் கரையில் மரம் எதுவும் பக்கத்தில் இல்லை. பெரியகருப்பன் கோபுரத்தில் சாய்த்திருந்த கடப்பாரையைப் பிடுங்கிப் பாறை இடுக்கில் அடித்து இறக்கினார், கயிற்றை அதில் கட்டினார். முதலில் இறங்கியவர் சோணை சித்தப்பா. கை கூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. “ஏலே, நீ வேணாம்டா” என்று அப்பா கத்த, “அன்னைக்கு ஆளே இல்லாம எறங்கினேன்ல, இன்னைக்கு ஆளு இருக்குப்பா” என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். கல்யாண வீட்டுப் பெரிய அண்டா ஒன்றை மிதக்கவிட்டு, அதைப் பிடித்தபடி பாயைக் கூட்டிவந்தார்கள். பாய் தன் பாத்திரக் கூடையை விடமாட்டேன் என்று அண்டாவுக்குள் வைத்துக்கொண்டே வந்தார்.

கரையேறிப் பல் தந்தியடிக்க அவர் சொன்னதை மதினி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். “தண்ணி வந்ததும் நீந்திருவோம்னுதான் நெனச்சேம்மா. எனக்கு நீச்சல் அரகொறதான். வெளக்கப் பாத்தேன். எல்லாரும் வந்திருப்பாங்க, மழை வேற, இன்னும் எரியுதே, எதுக்குன்னு பாத்தேன். அப்பத்தான் தோணுச்சு, யா அல்லா, இது எனக்குத்தான் எரியுதுன்னு. எறங்காம நின்னுட்டேன்.”

பெரியகருப்பன் போன மாடத்திலிருந்து நீலச் சில்லை எடுத்துப் பாயின் கையில் கொடுத்தார். “நீங்களே மாத்தி வைங்க பாய்” என்றார். பிறகு மதினியைப் பார்த்து, “ஏத்தா எழுமலைக்காரி, வெளக்க நீ அமத்து” என்றார். தன் முறையை இன்னொரு வீட்டுக்கு விட்டுக்கொடுப்பது அந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை.

கடப்பாரை இன்னும் அந்தப் பாறையில்தான் நிற்கிறது. பிடுங்க வரவில்லையா, பிடுங்க மனசு வரவில்லையா தெரியாது. துருப்பிடித்து, கயிறு உரசிய தடத்தோடு நிற்கிறது. நான் எடுத்த படங்களில் அதிகம் பேர் பகிர்ந்தது கோபுரத்தை இல்லை, அந்தக் கடப்பாரையைத்தான்.

காதர் பாய் அதற்குப் பிறகு வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் விளக்குக்குப் புதுக் கண்ணாடி கொண்டுவந்து மாட்டினார். விளக்கு மின்சாரத்துக்கு மாறியது எண்பதுகளில். ஒயர் இழுக்க வந்தவர்கள், தெருவிளக்கோடு சேர்த்துவிடுகிறோம், பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்தால் அணையும், யாரும் ஏறி இறங்க வேண்டாம் என்றார்கள். ஊருக்குச் சந்தோஷம். மதினி குறுக்கே வந்து நின்றார். “தானா எரிஞ்சு தானா அமருற வெளக்குக்கு, வந்தவன் யாரு வராதவன் யாருன்னு என்ன தெரியும்? சுவிச்ச இந்த ரெண்டு மாடத்துக்கும் நடுவுல வைங்க. அமத்துறவன் கல்லப் பாத்துட்டு அமத்தட்டும்.” இன்றைக்கும் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள். மாடங்களைப் பார்க்காமல் அதில் கை வைக்கவே முடியாது. எப்படிப்பட்ட மூளை!

அதே காலத்தில்தான் ஊரிலிருந்து முதன்முதலாக ஒருத்தர் வெளிநாட்டுக்குப் போனார். அவருடைய அம்மா அழுதுகொண்டே மகன் கல்லைப் போன மாடத்தில் வைத்துவிட்டார். விதிப்படி இனி அவர் வருகிறவரை விளக்கை அமர்த்தவே முடியாது! ஊர் திகைத்துவிட்டது. மதினி அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அங்க ஒம் மகனுக்குச் சோறு இருக்கா? படுக்க எடம் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். “அப்ப அவன் ஆத்துல இல்ல. போன எடத்துல கரையேறிட்டான். கல்ல மாத்து” என்றார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லை மாற்றினார்.

எனக்கும் ஒரு கல் உண்டு. முதல் சில மாதங்கள் நான் நீலச் சில்லுதான். ஒரு நாள் மதினி, “கொழுந்தனார் இன்னும் வெளியூர்க்காரரா?” என்று கேட்டு, என் பையிலிருந்த செத்துப்போன போன் சார்ஜரை வாங்கி, அதன் தலையை மட்டும் வைத்துக்கொண்டார். அதுதான் என் கல். மாடத்தில் சிப்பிக்கும் செங்கலுக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இதுவரை எங்கும் கிடைத்ததில்லை.

மதினி இறந்த மறுநாள் காலையில் அவரைத் தூக்கினார்கள். மாடக்கரையின் சுடுகாடு அக்கரையில். ஆறு மணலாகக் கிடந்தது. வந்திருந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று தங்கள் கல்லைப் போன மாடத்துக்கு மாற்றினோம். காதர் பாயின் மகனும் பேரனும் டவுனிலிருந்து வந்திருந்தார்கள், நீலச் சில்லுகளை மாற்றினார்கள். எல்லோருக்கும் கடைசியாக, சோணை சித்தப்பா எழுமலைச் சிவப்புக் கல்லைக் கையில் எடுத்தார்.

“என்னண்ணே?” என்று யாரோ கேட்டார்கள்.

“மதினியும் ஆத்தத் தாண்டித்தானப்பா போறாக” என்றார். போன மாடத்தில் வைத்தார்.

காரியம் முடிந்து திரும்ப வெயில் இறங்கிவிட்டது. எல்லோரும் கல்லை மாற்றினோம். சிவப்புக் கல் மட்டும் அங்கேயே இருந்தது. பொழுது அடைந்தது, முறை வீட்டுப் பையன் விளக்கைப் போட்டான். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கல்லை யாரும் தொடவும் இல்லை. சும்மா மாற்றி வைத்துவிடலாம் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் கிடையாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற பையன், “சித்தப்பா, என்ன செய்ய?” என்று கேட்டான்.

சோணை சித்தப்பா, தன் அப்பா உடைக்கப் பார்த்த கோபுரத்தை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, “கல்லு நின்னா என்ன செய்யணும்? வீட்டுல போய்க் கேக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

மதினி வீட்டு வாசலில் நின்று, மழைநாளில் இத்தனை வருடமாக எத்தனையோ வீடுகளில் கேட்டதுபோலவே அவர் குரல் கொடுத்தார்.

“தமிழு, மதினி வந்தாச்சாம்மா?”

தமிழ்ச்செல்வி உள்ளேயிருந்து வந்தாள். ஊர் முழுக்க வாசலில் நிற்பதைப் பார்த்தாள். கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று அந்த வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? திரும்பி உள்ளே பார்த்தாள். மதினியைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாட்டில் ஏற்றிய சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“வந்துட்டாங்க சித்தப்பா” என்றாள். “உள்ளதான் இருக்காங்க.”

சோணை சித்தப்பா தலையாட்டினார். மறுபடி கோபுரத்துக்கு நடந்து, சிவப்புக் கல்லை எடுத்து வந்த மாடத்தில், ராமையாவின் குழவிக்குப் பக்கத்தில் வைத்தார். பையன் இரண்டு மாடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு சுவிட்சில் கை வைத்தான்.

என் போன் அதிர்ந்தது. எல்லோருடைய போனும் அதிர்ந்தது. மதினியின் எண்.

“எல்லாரும் வந்தாச்சு. வெளக்கை அமத்தியாச்சு.”

மதினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். வீட்டில் கடைசியாக விளக்கை நிறுத்துவது இப்போது நான்தான். சுவிட்சில் கை வைப்பதற்கு முன்னால், யார் இன்னும் வரவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறேன். பக்கத்து வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற, பேர்கூடத் தெரியாத பையனையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.